பத்து லட்சத்து ஒன்று

அக்கா ஓட்டும் தகடு வளைக்கும் பிரஸ், பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் இறங்கும். விரலை எடுத்தால் நின்றுவிட வேண்டும். போன மாதம் பழைய பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டது. அவள் விரல்கள் நூலிழையில் தப்பின.

அதனால் புதுப் பொத்தானை எங்கள் சோதனைக்கூடத்தில் நானே பரிசோதித்தேன். பன்னிரண்டு நாள் ஓர் இயந்திர விரல் அதை ஓயாமல் அழுத்தி அழுத்தி விட்டது. இன்று காலை திரையைப் பார்த்ததும் கால் தரையில் நிற்காமல் அக்காவுக்குப் போன் செய்தேன். விரல் அழுத்தியது பத்து லட்சம் தடவை. பொத்தான் மேலே திரும்பியது பத்து லட்சத்து ஒன்று.

“ஒரு தடவைகூட சிக்கலைக்கா.”

“அந்த ஒண்ணு எங்கருந்துடா வந்துச்சு?”

“கொசுறுன்னு வச்சுக்கோயேன்.”

எண்ணிக்கை காட்டும் கவுண்டரை மறுபடி சரிபார்த்தேன். பழுதில்லை.

மதியம் பொத்தானைப் பிரஸில் பொருத்தினோம். அக்கா வலது கட்டைவிரலால் அழுத்தினாள். பிரஸ் இறங்கியது. தகடு கோணலாகக் கிடந்தது. பழக்கதோஷத்தில் இடது கையை உள்ளே நீட்டி அதை நேராக்கப் போனாள். நான் கத்துவதற்குள் பிரஸ் நின்றது, அவள் கைக்கு ஒரு விரற்கடை மேலே.

“நல்லவேளை, விரலை எடுத்துட்டே.”

“எடுக்கலைடா,” என்றாள் அக்கா.

அவள் கட்டைவிரல் நகம் வெளுக்க இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அதற்கடியில் பொத்தான் விரலையும் தூக்கிக்கொண்டு, நிதானமாக, முழுதாக மேலே வந்து நின்றது.