ஒரு கோடு வந்தால் நல்லது

“மூணு நாளா ஒரு வாய் சோறு எடுக்கல டாக்டரம்மா. ஒரே வாந்தி!” என்றாள் சீனியம்மாள், குரலில் கொஞ்சம் அழுகையைக் கலந்து.

அவள் பிடித்திருந்த நாய் ராக்கெட், வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் உளுந்த வடை தின்ற தெம்பில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அது அவள் நாயே இல்லை. பக்கத்து வீட்டு விருமாண்டியிடம் கேட்டு வாங்கி வந்தது.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே மகன் சிவக்குமாருக்குத் தரகர் கொண்டுவந்த ஜாதகம், விளாங்குடியில் கிளினிக் வைத்திருக்கும் இந்த டாக்டர் தாமரைச்செல்வியுடையது. பொருத்தமெல்லாம் பிரமாதம். போட்டோவைப் பார்த்ததிலிருந்து மகனுக்குக் கால் தரையில் இல்லை. சீனியம்மாளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. போயும் போயும் நாய் டாக்டரா? அதுவும் பட்டுச்சேலை கட்டிக் காபித் தட்டோடு வந்து நின்றால் எல்லாப் பெண்ணும் மகாலட்சுமிதான். வேலை செய்யும் இடத்தில் பார்த்தால்தானே குணம் தெரியும்? மகனிடம்கூட மூச்சு விடாமல் சமயநல்லூரிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள்.

தாமரைச்செல்வி குனிந்து ராக்கெட்டின் இடது காதைத் தடவினாள். உடனே அது தானாகவே தாவி மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கைராசிக்காரிதான் என்று சீனியம்மாள் மனதுக்குள் ஒரு மார்க் போட்டாள்.

“பார்வோவான்னு பாத்துருவோம்மா. நாய்க்கு நாய் ஒட்டிக்கிற வைரஸ். இப்பல்லாம் டெஸ்ட் கிட்டு இருக்குல்ல, பத்து நிமிஷத்துல தெரிஞ்சிரும்.”

பஞ்சுக் குச்சியால் பின்பக்கத்தில் துளி எடுத்து, மருந்தில் கலக்கி, சின்ன பிளாஸ்டிக் பட்டையில் சொட்டு விட்டாள்.

“ஒரு கோடு வந்தா நல்லது. ரெண்டு வந்தா நோய்.”

காத்திருக்கும் நேரத்தை வீணாக்குவாளா சீனியம்மாள்?

“கல்யாணம் ஆயிருச்சா தாயி?”

“ரெண்டு மூணு எடத்துலருந்து வந்தாங்கம்மா. நாயைத் தொட்ட கையால சோறாக்குவியான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.”

சீனியம்மாளுக்குச் சுருக்கென்றது. நேற்று மகனிடம் அவளும் அதையேதான் கேட்டிருந்தாள்.

“வர்றவன் வேலைய விட்ருன்னு சொன்னா?”

“அவனை விட்ருவேன்.”

வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரிம்மா, ரெண்டு கோடு வந்தா இதைத் தனியா வச்சு, வாந்திய அள்ளிக் கொட்டி, சொட்டுச் சொட்டாத் தண்ணி ஊட்டணும். அம்புட்டையும் உங்க வீட்டுல யாரு செய்வா?”

சீனியம்மாள் பட்டையைப் பார்த்தாள். ஒரு கோடு சிவந்துவிட்டது. இன்னொன்று வந்துவிட்டால்? போட்ட நாடகமெல்லாம் மறந்து அவள் ராக்கெட்டின் முதுகைத் தடவ ஆரம்பித்தாள். ராக்கெட் வேறு அவள் கைமேல் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தது.

“வேற யாரு, நான்தான் செய்வேன். வாயில்லாச் சீவனை விட்ர முடியுமா? கை நாறுனா நாறிட்டுப் போகுது, சோப்பு எதுக்கு இருக்கு?”

சொல்லி முடித்ததும்தான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

நேரம் ஆனது. பட்டையில் ஒரே கோடுதான்.

“முருகா!” என்று ராக்கெட்டைக் கட்டிக்கொண்டாள் சீனியம்மாள். சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணை விடக் கூடாது. வெள்ளிக்கிழமையே பூவும் பழமுமாக வந்து பேசி முடித்துவிட வேண்டும்.

“போயிட்டு வாரேன் தாயி.”

வாசல்வரை போனவளை, “ஒரு நிமிஷம்மா,” என்று தாமரைச்செல்வி நிறுத்தினாள்.

“ஆடியில நான் தையல் போட்ட காது நல்லா ஆறிருச்சுன்னு விருமாண்டி அண்ணன்கிட்டச் சொல்லிருங்க. தரகர் காட்டுன போட்டோவுல உங்க மகன் பக்கத்துல நிக்கிறது நீங்கதானே?”

சீனியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தாமரைச்செல்வி, ராக்கெட்டின் மீசையில் ஒட்டியிருந்த வடைத் தூளைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

“அந்தக் கிட்டு போன மாசமே காலாவதி. நான் டெஸ்ட் பண்ணது ராக்கெட்டை இல்ல, உங்களைத்தான் அத்தை. ஒரே கோடு!”