முதல் கரண்டி

முப்பது நாள் மாத்திரை பதினைந்தே நாளில் தீர்ந்துவிட்டதாம். மூன்றாவது மாதமாக இதே கதை.

"மொதல்ல நாய் தின்னுடுச்சுன்னீங்க. அப்புறம் தண்ணித் தொட்டியில கொட்டிடுச்சு. இப்ப என்ன, மிஸ்டர் ஹால்வர்சன்?" என்றாள் ஜோலின்.

அமெரிக்காவின் டுலூத் நகரத்து மருந்துக்கடையில் அவள் பன்னிரண்டு வருடமாக மருந்தாளர். யார் எதற்குப் பொய் சொல்கிறார்கள் என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

ஆர்விட் ஹால்வர்சன் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எங்கேயோ வெச்சுட்டேன் போலிருக்கும்மா."

மாத்திரை அவருக்கல்ல, மனைவி லெனோருக்கு. ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிற நோய். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான் இந்த மாத்திரை. நின்றுபோனால், இன்றைக்கு அடையாளம் தெரிகிற கணவனை நாளைக்குத் தெரியாமல் போகலாம்.

"கூடவே வயித்துக்கு ஏதாவது குடுங்கம்மா. எனக்குத்தான். ரெண்டு மாசமா ஒரே குமட்டல்."

ஜோலினுக்குப் பொறி தட்டியது. ஆள் வேறு இளைத்திருந்தார். இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை.

"இந்த மாத்திரை பயங்கரக் கசப்பு, தெரியுமா?" என்று மெல்ல ஆரம்பித்தாள். மேல்பூச்சு ஏமாற்றுவது நாக்கை மட்டும்தான். கசப்பை உணர்கிற உயிரணுக்கள் குடலிலும் உண்டு, மூச்சுக்குழாயில்கூட உண்டு. உள்ளே கசப்பு வந்தால் விஷமோ என்று உடம்பு பதறும். சில மருந்துகள் வயிற்றைப் புரட்டுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"அந்தக் குமட்டல் லெனோருக்கு வந்தா நியாயம். உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

அவர் காது சிவந்துபோனது.

தனக்கும் ஞாபகம் போய்விடுமோ என்று பயந்து, நோயாளி மனைவியின் மருந்தைத் திருடித் தின்கிறார்! ஜோலினுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் எதிரிலேயே டாக்டர் அலுவலகத்துக்கு போன் போட்டாள். 'ஒரு புகார்' என்றதும், காத்திருக்கச் சொல்லி ஏதோ இசையைப் போட்டுவிட்டார்கள்.

"புகார் குடுத்தா, வீட்ல வெச்சுப் பாத்துக்க நான் லாயக்கில்லைன்னு அவளைக் காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்கம்மா" என்றார் ஆர்விட்.

"அது மாத்திரையை எடுக்கும்போதே தெரிஞ்சிருக்கணும்."

ஆர்விட் தொப்பியை மேசைமேல் வைத்தார்.

"அவ மாத்திரையை முழுங்க மாட்டேங்கறா. பொடிச்சு ஆப்பிள் மசியல்ல கலந்து குடுத்தேன். கசந்துச்சா, துப்பிட்டா. நான் விஷம் வெக்கறேன்னு நெனைக்கிறா. அம்பத்தோரு வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணினவ."

ஜோலின் போனைக் காதிலிருந்து சற்று இறக்கினாள்.

"மொதல் கரண்டி நான் சாப்பிடணும். அப்பத்தான் அவ ஒரு கரண்டி சாப்பிடுவா. மறுபடி நான், மறுபடி அவ. அவளுக்கு ஒரு முழு மாத்திரை போய்ச் சேரணும்னா, கிண்ணத்துல ரெண்டு போட வேண்டியிருக்கு."

"உங்களுக்கு மருந்து கலக்காம தனிக் கிண்ணம் வெச்சிருக்கலாமே?"

"வெச்சேன். அவ கிண்ணத்தை மாத்தி வெச்சுட்டா." அதைச் சொல்லும்போது மனிதருக்குக் கொஞ்சம் பெருமைகூட. "நான் சாப்பிடறப்ப என் மூஞ்சியையே பாப்பா. சுளிச்சேன்னா போச்சு. மூஞ்சிக்குச் சிரிக்கக் கத்துக்குடுத்துட்டேன். வயித்துக்குத்தான் இன்னும் வரலை."

போனில் இசை நின்றது.

"சொல்லுங்க, என்ன புகார்?"

"புகார் ஒண்ணுமில்லை" என்றாள் ஜோலின். "லெனோர் ஹால்வர்சனுக்கு அந்த மாத்திரைக்குப் பதிலா, தோல் வழியா மருந்து உள்ளே போற மாதிரி முதுகுல ஒட்டற பட்டையா எழுதித் தர முடியுமான்னு டாக்டரைக் கேக்கணும்."

ஆர்விட் மேசைமேல் சாய்ந்து, ரகசியமாகச் சொன்னார்.

"ரெண்டா எழுதச் சொல்லுங்கம்மா. மொதல்ல எனக்கு ஒட்டிக் காட்டணும்ல."