தரையில் கொட்டிச் சாப்பிடலாம்

வீட்டில் ஈரச்சுவர், அழுகின பொருள், பூஞ்சை பிடித்த இடம் ஏதாவது உண்டா என்று டாக்டர் மறுபடியும் கேட்டார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது.

"எங்க வீட்ல தரையில கொட்டிச் சாப்பிடலாம், டாக்டர்."

அத்தானை இங்கே சேர்த்த நாளிலிருந்து இதையேதான் சொல்கிறாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அத்தான் வாயில் குழாயோடு கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. மூச்சு அவருடையது இல்லை, மெஷினுடையது.

நிமோனியாவுக்குக் கொடுத்த எந்த மருந்துக்கும் நுரையீரல் அசைந்து கொடுக்கவில்லை. பூஞ்சையாக இருக்கலாம் என்றார் டாக்டர். பரிசோதனை முடிவு வர நாளாகும். அதற்கான மருந்தோ சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், வெறும் சந்தேகத்துக்கு ஏற்ற முடியாது. காத்திருந்தால் ஆள் தாங்கமாட்டார்.

வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் என் சட்டைப்பையைத்தான் பார்த்தார்கள். அதில் சிகரெட் பெட்டி. குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்ட நிம்மதி அவர்களுக்கு.

அத்தானும் அப்படித்தான். நான் பற்றவைத்தால் தெருவுக்கு விரட்டுவார். பிறகு இரைப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு, சுத்தமான காற்று வாங்க மாடிக்குப் போவார்.

மாடி.

அங்கே ஒரு தொட்டி. காய்கறித் தோலும் சருகும் போட்டு மக்க வைத்து, தினமும் வெறுங்கையால் கிளறுவார். புகைபோலத் தூள் எழும்பும். ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்து, இதை முகர்ந்து பார், உன் சிகரெட் என்ன பெரிய வாசனை என்பார்.

சொல்லிவிட்டேன்.

குடும்ப மானத்தைக் கப்பலேற்றியவனைப் பார்ப்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார்.

"நீங்க வீட்டைப் பத்தித்தானே கேட்டீங்க? அது மாடியில இருக்கு" என்றாள் அக்கா.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை மாற்றச் சொன்னார். நல்ல உடம்பை அந்தத் தூளில் இருக்கும் பூஞ்சை ஒன்றும் செய்யாது, வருஷக்கணக்கில் இரைப்பு மாத்திரை சாப்பிட்டு எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத்தான் சாய்த்துவிடும் என்றார். இனி பிழைக்க வழியுண்டு என்றும் சொன்னார். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அது ஒன்றும் குப்பையில்லை, காப்பித்தூள் மாதிரி இருக்கும் என்றாள். இரைப்போடு அறையிலேயே கிடக்கும் டாக்டருடைய அம்மாவுக்குச் செடி என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, போன வாரம் ஆசையாக ஒரு பை கொடுத்துவிட்டாளே, அதே உரம்தான்.

டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பி வீட்டுக்குப் போன் போட்டார். அம்மா அறையில் பூஞ்சை மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. தன் வீடு எவ்வளவு சுத்தம் என்று அவர் மனைவி கோபமாக விளக்க ஆரம்பித்திருந்தார்.