விரிசல் விட்ட செம்பருத்தி

தூத்துக்குடியில் இப்போது யாரையும் புதைப்பதில்லை. எலும்புச் சாம்பலை அரைத்துப் பீங்கான் மண்ணில் சேர்த்துப் பூவாக்கி, வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பூக்களைச் செய்யும் அமலோற்பவத்திடம் அன்று வந்தது அவள் கணவன் சவேரியின் சாம்பல்.

"வேற யாராவது செய்யட்டுமே மைனி" என்றாள் சவேரியின் தங்கை ரெஜினா.

"நானே செய்யுதேன்."

அரைத்தாள், பிசைந்தாள். இதழ்களில் நரம்புகூடத் தெரியும்படி ஒரு செம்பருத்தி செய்து சூளையில் வைத்தாள். அழுகை வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

சூளையைத் திறந்தபோது ஓர் இதழில் விரிசல் இருந்தது. அப்படி வந்தால் பூவை உடைத்து அரைத்து மறுபடி செய்வதுதான் அவள் வழக்கம். ரெஜினா சுத்தியலை நீட்டினாள்.

அமலோற்பவம் வாங்கவில்லை.

"அவுகள ஒரு தடவ அரைச்சாச்சு, போதும்" என்றாள்.