கூடப்போகிற ஆள்

"கேள்வி கேக்கச் சொல்லி ஆர் உனக்குச் சொன்னது?" என்று ஏர்னஸ்ற் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் கேட்டார். முகம் மட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியையைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தது.

விமலராணி விடவில்லை. "லக்ஷனாவை ஏன் சமையல் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுகினம் எண்டு கேளுங்கோ அண்ணை. அவள் லிச்சேயோவிலை படிக்க ஆசைப்படுறாள்."

லிச்சேயோவாம். காலையில் வேலை செய்கிற வீட்டுச் சின்யோராவின் குளியலறையைக் கழுவிவிட்டு அதே சப்பாத்தோடு வந்திருக்கிற மனிசிக்கு மகள் லிச்சேயோவில் படிக்க வேண்டுமாம். அது பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளின் உயர்பள்ளி. வைத்தியரின் மகனும் வக்கீலின் மகளும் படிக்கிற இடம். காசுள்ளவர்களுக்கு மட்டும்தான் என்பது ஏர்னஸ்றுக்கு நிச்சயமாகத் தெரியும். யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

எல்லாம் அந்த றம்யா செய்த வேலை. போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த சனத்தை வாசலிலேயே மறித்து வைத்து வகுப்பெடுத்தாள். பள்ளிக்கூடம் சொல்வது ஆலோசனைதான், கட்டளை இல்லை. முடிவெடுப்பது தாய்தகப்பன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் அவர்கள் காரணம் சொல்லியாக வேண்டும். அரச லிச்சேயோவில் படிக்கவும் காசு வேண்டாம்.

இங்கே பிறந்து வளர்ந்த பெட்டை, கால்சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருகிறவள், பெரியவர்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள். சனமும் வாயைப் பிளந்து கேட்டது.

ஏர்னஸ்ற் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்தபோது இந்தச் சனத்தில் பாதி மன்னாரில் மூக்குச் சிந்திக்கொண்டு திரிந்தது. விசா எடுக்கிற குவெஸ்தூராவோ ஆசுபத்திரியோ பள்ளிக்கூடமோ, எங்கே போவதென்றாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். கோட்டுப் போட்டு, வாசனை பூசி, நடுக் கதிரையில் அவர் இருப்பார். தாய்தகப்பன் ஓரத்தில் ஒடுங்கியிருப்பார்கள். பிள்ளை பின்னால் நிற்கும்.

பெரியவர்கள் கதைக்கும்போது பிள்ளை வாய் திறக்கக் கூடாது. அந்த அறையில் இத்தாலி மொழி தண்ணீர் பட்ட பாடாக வருகிற ஒரே தமிழ் ஆள் அந்தப் பிள்ளைதான் என்பது இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆசிரியை தன் ஆலோசனைக்குப் பதில் வருமென்று காத்திருந்தார். ஒரேத்தோப் பகுதியிலிருக்கும் பாதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மேசையில் வைத்துத்தான் அடுத்த பள்ளிக்கூடம் முடிவானது.

ஏர்னஸ்ற் தொண்டையைச் செருமினார். விமலராணியின் கேள்வியை இத்தாலியில் எப்படிச் சொல்வதென்று யோசித்துப் பார்த்தார். வரவில்லை. பிறகு, படித்த மனிசியிடம் போய் ஏன் எதற்கென்று கேட்பது மரியாதையில்லை என்று முடிவெடுத்தார்.

"தாய்க்கு மிகவும் சந்தோஷம் புரொஃபெசொரேஸ்ஸா, மிக்க நன்றி" என்றார் இத்தாலியில்.

ஆசிரியை தலையசைத்துவிட்டு அடுத்த பெற்றோரைக் கூப்பிட எழுந்தார்.

"அம்மா அப்படிச் சொல்லவில்லை" என்று பின்னாலிருந்து லக்ஷனா இத்தாலியில் சொன்னாள். "ஏன் என்னைச் சமையல் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டார்."

அடங்காப்பிடாரி, என்று நினைத்தார் ஏர்னஸ்ற். தாய் கொடுக்கிற செல்லம்.

ஆசிரியை மறுபடி உட்கார்ந்தார். அவரும் லக்ஷனாவும் கடகடவென்று கதைத்தார்கள். ஏர்னஸ்றுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள் பிடிபட்டன. எல்லாம் விளங்கியவர் போலத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

லக்ஷனா தாயிடம் திரும்பினாள். "எங்கட ஆக்கள் ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கிறேல்லையாம். நன்றி சொல்லிப்போட்டுப் போறதாலை எல்லாருக்கும் விருப்பம் எண்டு நினைச்சவையாம். நீங்கள் ஓம் எண்டால் நான் லிச்சேயோவுக்குப் போகலாமாம் அம்மா. காசு கட்டத் தேவையில்லையாம்."

"கேக்காட்டிச் சொல்லமாட்டினமோ?" என்று விமலராணி முகத்தைச் சுளித்தாள். "என்ர பிள்ளை லிச்சேயோவுக்குத்தான் போறாள் எண்டு சொல்லு."

லக்ஷனா இரண்டையும் ஒரு சொல் குறையாமல் சொன்னாள். ஆசிரியையின் முகம் சிவந்துபோனது.

பேச்சை மாற்ற வேண்டும் போல அவர் ஏர்னஸ்றின் பக்கம் திரும்பினார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். "உங்கள் மகன் டெனிஸ்டன் எப்படி இருக்கிறான்? கணக்கில் அப்படி ஒரு பிள்ளையை நான் பிறகு காணவில்லை. லிச்சேயோவுக்கு அனுப்பச் சொன்னோமே, இப்போது பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறான்?"

இவ்வளவு மெதுவாகக் கேட்டதால் ஏர்னஸ்றுக்கு எல்லாமே விளங்கியது.

டெனிஸ்டனுக்குப் பள்ளிக்கூடம் சொன்ன அன்றைக்கு இதே மனிசி வேகமாகக் கதைத்திருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு வேறென்ன சொல்லப் போகிறார்கள் என்று ஏர்னஸ்ற் தலையாட்டிவிட்டுப் போய், மகனைச் சமையல் பள்ளியில் சேர்த்தார். லிச்சேயோ என்றுதான் சொன்னார்கள் என்று டெனிஸ்டன் அழுதான். நானல்லவா முன்னால் இருந்து கேட்டவன், எனக்கே பொய் சொல்கிறாயா என்று கன்னத்தில் அறைந்தார். மண்டையில் ஒன்றும் ஏறாத பிள்ளை என்று பங்கு முழுக்கச் சொல்லி வைத்ததும் அவர்தான். இப்போது டெனிஸ்டன் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருக்கிறான்.

ஏர்னஸ்ற் பழக்கதோஷத்தில் மெல்லத் தலையாட்டினார்.

"என்னவாம் பிள்ளை, என்ன கேக்கிறா?" என்றாள் விமலராணி.

லக்ஷனா ஏர்னஸ்றைப் பார்க்காமல் தாயின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"ஒண்டுமில்லை அம்மா. டெனிஸ்டன் அண்ணாவைச் சுகம் கேக்கிறா."