கட்டம் கட்டமாய்

மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பிறகுதான் எழுதியதை அவன் முழுசாகப் படித்துப் பார்த்தான்.

'ஆபரேஷன் வேண்டாம்னு போன்ல கதறினேன். கேக்காம கையெழுத்துப் போட்டே. அப்பாவைக் கொன்னது வியாதி இல்லக்கா, நீ.'

அக்காவுக்கு அவன் எழுதியது அது. அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆபீஸில் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டி அனுப்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கூடவே இருந்து உங்கப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டினவங்க அவங்க. நீங்க லீவு கிடைச்சா எட்டிப் பார்த்தவர். யாரு யாரைக் கேக்கறது?"

சுருக்கென்றது. அனுப்பியதைத் திரும்ப வாங்க வழியில்லை.

அக்காவிடமிருந்து பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை. 'கல் நெஞ்சு. ஒரு வரி எழுத மனசு வரலை பாரு' என்று கோபத்தைக் கூட்டிக்கொள்ளப் பார்த்தான். கோபம் வந்தால்தானே? கடைசியில் போனை எடுத்தான்.

"அக்கா... ஒரு மெயில் போட்டிருந்தேன்..."

"வந்துதுடா. திறந்தா எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. ஒரு எழுத்து புரியலை. என்ன எழுதியிருந்தே?"

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா... எப்படி இருக்கேன்னு கேட்டு."

"அதுக்கு எதுக்குடா மெயில்? ஒரு போன் பண்ணக்கூடாதா?"

போனை வைத்தபிறகு வேறு பயம் பிடித்துக்கொண்டது. வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனியில் அவன் வேலையே இந்தக் கட்டங்களோடுதான். 'எங்க பாஷை எழுத்து தெரியலை' என்று எங்கெங்கிருந்தோ புகார் வரும். அவனும் சளைக்காமல் விளக்குவான். அந்த எழுத்துக்கு உருவம் கொடுக்கும் ஃபாண்ட் கம்ப்யூட்டரில் இல்லை. பிரவுசர் என்ன செய்யும், பாவம்? உருவம் தெரியாத எழுத்துக்கெல்லாம் வெறும் கட்டம் போட்டு வைக்கிறது. எழுத்து எங்கேயும் போய்விடவில்லை. ஃபாண்ட் போட்டால் அத்தனையும் தெரியும்.

அத்தனையும் தெரியும்! யாராவது புண்ணியவான் போய் ஃபாண்ட் போட்டுத் தொலைத்தால்?

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினான். அக்கா கடைக்குப் போயிருந்தாள். அவள் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார்.

"அக்கா கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பார்க்கணும் அத்தான்."

"தாராளமா பாரு மாப்ளே. திறந்துதான் வெச்சிருக்கா."

உட்கார்ந்தான். திரையில் அக்கா பாதியில் விட்டுப் போயிருந்த செய்திப் பக்கம். கொம்பும் புள்ளியும் சுழியுமாகத் தமிழ் முத்து முத்தாக நின்றது.

"யாரு அத்தான் வந்து ஃபாண்ட் போட்டது?"

"ஃபாண்டா? இதை வாங்கினதிலேருந்து ஒருத்தரும் கை வைக்கலையே!"

"இல்லை... கட்டம் கட்டமா வருதுன்னு அக்கா..."

"கட்டமாவது ஒண்ணாவது! தினம் காலையில பேப்பர் பூரா இதுலதான் படிக்கிறா. போன வாரம் ஒரு நாள் மட்டும் எதையோ படிச்சுட்டு உள்ளே போய்ப் படுத்தவ, பொழுது சாயற வரைக்கும் எழுந்திருக்கலை. கேட்டா தலைவலிங்கறா."

மெயிலைத் திறந்தான். அவன் அடித்தது அடித்தபடியே, ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். அவசரமாக அதை அழித்தான்.

"எப்படா வந்தே?" கையில் பையோடு நின்ற அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கட்டமா வருதுன்னியே... ஃபாண்ட் போடலாம்னு..." சொல்லும்போதே கண்ணில் நீர் வழிந்தது.

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள் என்பதுபோல் முந்தானையை அவன் பக்கம் நீட்டினாள்.

"போட்டுட்டியா? நல்லதாப் போச்சுடா. இனிமே நீ எழுதறது எனக்குப் புரியும்."