ஸாக்ஸ் என்றால் என்ன?

ஒரு தடித்த ஆங்கில அகராதியின் கடைசிப் பக்கங்களில் 'ஸாக்ஸ்' (zax) என்றொரு சொல் குடியிருந்தது. அதற்கு முந்தைய வரியில் 'ஸார்ஃப்' (zarf). எழுத்துக் கட்டைகளை அடுக்கி விளையாடுகிறவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒருவர் பலகையில் ஸாக்ஸை அடுக்குவார். "இப்படி ஒரு வார்த்தையே கிடையாது" என்று எதிராளி எகிறுவார். உடனே அகராதி திறக்கும். ஒரு விரல் ஓடிவந்து ஸாக்ஸின் தலையில் அழுந்தும். "இருக்கு!" அவ்வளவுதான், அகராதி படாரென்று மூடிக்கொள்ளும்.

"ஜெயிக்க மட்டும் நான் வேணும். நான் என்னன்னு ஒருத்தனாவது கேட்டானா?" என்று பொருமியது ஸாக்ஸ். "கேட்க வைக்கிறேன் பார்!"

அன்றிலிருந்து ஓயாத பயிற்சி. அடுத்த விரல் வந்தபோது தன் பொருளை நீட்டி முழக்கியது. பாதியிலேயே அகராதி மூடிவிட்டது. சுருக்கிப் பார்த்தது, அப்போதும் மூடிவிட்டது. ஸாக்ஸ் விடவில்லை, இன்னும் சுருக்கியது.

மறு ஆட்டத்தில் விரல் தொட்டதுமே ஒரே மூச்சில் கத்தியது: "கூரைக்குப் போடுற பலகைக்கல்லை வெட்டுற கருவி நான்!"

"இருக்கு!" என்றார் ஆட்டக்காரர். அகராதி மூடிக்கொண்டது.

இருட்டில் ஸாக்ஸுக்கு மூச்சு வாங்கியது. "முழுசா சொல்லிட்டேன். ஒருத்தர் காதுலயும் விழலையே!"

"என் காதுல விழுந்துச்சு" என்றது ஸார்ஃப். "இத்தனை நாளா கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. சரி, நான் என்னன்னு நீ சொல்லு பார்ப்போம்."

ஸாக்ஸ் வாயைத் திறந்தது. "நீ... நீ என்ன?" என்று முதல் தடவையாகக் கேட்டது.